நிற்க முடிகிறதா என்பதை எப்படி அறிவது? முதியோரின் தள்ளாட்டத்தை அளக்க உதவும் ஸ்மார்ட்போன்

"ஹஜ்ரத், எங்க வாப்பாவுக்கு நிக்கும்போது தள்ளுது. சேர்ல உக்காந்து தொழலாமா?"

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. மார்க்கத்தின் அடிப்படைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கு புகாரியில் பதிவாகியுள்ளது. இயன்றால் நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் படுத்துத் தொழ வேண்டும் என்பதே அதன் கருத்து.

சட்டம் எளிது. ஆனால் அது "இயலுமா, இயலாதா" என்ற ஒரு சொல்லின் மீது நிற்கிறது. மகன் "தள்ளாடுறாக" என்கிறார். வாப்பா "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் நிக்கேன்" என்கிறார். இருவரில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? நோயாளியின் சொந்த அனுபவத்தையும் நம்பிக்கைக்குரிய மருத்துவரின் சொல்லையும் நம் ஃபிக்ஹு அறிஞர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். அப்படியானால் மருத்துவர் அதை எப்படி அறிகிறார்?

நான் மதரஸாவில் ஓதியவன். பிறகு கல்லூரியில் பி.ஏ. படித்தவன். மருத்துவம் என் துறை அல்ல. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விபத்து இந்தக் கேள்வியின் பின்னால் என்னை நெடுந்தூரம் அலைய வைத்தது. அந்த அலைச்சலில் அறிந்துகொண்டவற்றை, நம் வீடுகளில் இருக்கும் பெரியவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

உம்மா விழுந்த நாள்

தாமிரபரணியும் சிற்றாறும் கலக்கும் சீவலப்பேரியில் எங்கள் வீடு. என் உம்மாவுக்கு வயது 71. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன்பு, புறவாசல் தண்ணீர்த் தொட்டி அருகே வுளூச் செய்துகொண்டிருந்தவர் விழுந்துவிட்டார். முகம் கழுவக் குனிந்தது நினைவிருக்கிறது, அடுத்து நினைவிருப்பது தரையில் கிடந்ததுதான் என்றார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

மாவுக்கட்டுப் போட்டார்கள், எலும்பும் கூடியது. ஆனால் ஏன் விழுந்தார் என்ற கேள்வி அப்படியே நின்றது. "தண்ணி கிடந்திச்சு, வழுக்கிட்டு வாப்பா" என்பதே அவருடைய ஒரே பதில்.

முதலில் பார்த்த மருத்துவர், கால்களைச் சேர்த்துக் கண்களை மூடி நிற்கச் சொன்னார். சில நொடிகள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் நிக்காங்க" என்றார். இரண்டு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் அதே சோதனையைச் செய்து, "லேசா ஆட்டம் இருக்கே" என்றார். இருவரும் சீட்டில் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. இந்த இரண்டு வாரத்தில் உம்மாவின் நிலை மோசமாகிவிட்டதா, அல்லது பார்த்த கண்கள்தாம் வேறா? ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் ஓர் எண்கூட இல்லை.

மூன்றாவதாக, உறவினர் ஒருவர் சொல்லி மேலப்பாளையத்தில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் போனோம். அவர் ஒரு துணி பெல்ட்டை எடுத்தார். தன்னுடைய ஸ்மார்ட்போனை அதற்குள் செருகி, உம்மாவின் உடைக்கு மேலேயே, முதுகின் கீழ்ப்பகுதியில் வருமாறு இடுப்பைச் சுற்றிக் கட்டச் சொன்னார். என் ராத்தாதான் கட்டிவிட்டாள். "முப்பது செகண்ட் சும்மா நில்லுங்கம்மா" என்றார் அவர். கேமரா இல்லை, படம் எடுக்கவில்லை. போன் தானாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. அது எதை எண்ணியது என்று அறிய, முதலில் நாம் எப்படி நிற்கிறோம் என்று அறிய வேண்டும்.

நிற்பது சும்மா இருப்பதல்ல

அசையாமல் நிற்கிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எந்த மனிதனும் அசையாமல் நிற்பதில்லை. உடல் ஒவ்வொரு நொடியும் மிகச் சிறிதாக முன்னும் பின்னும், இடமும் வலமும் சாய்கிறது. மூளை அதை உணர்ந்து, கணுக்காலிலும் இடுப்பிலும் உள்ள தசைகளைக் கொண்டு திருப்பி இழுக்கிறது. இந்தச் சாய்வும் திருத்தமும் சேர்ந்ததுதான் நிற்பது.

இதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. முதலாவது கண். இரண்டாவது உட்காது. மூன்றாவது, பாதம், மூட்டு, தசை ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வு நரம்புகள். மூன்றில் ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் ஓரளவுக்கு ஈடுகட்டும். அதனால்தான் தள்ளாட்டம் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கிறது. இரண்டாவது துணையும் விலகும்போது, அதாவது இருட்டில், அல்லது கண்ணை மூடும்போது, மனிதர் விழுகிறார்.

பெர்லின் நகர மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் 1840களிலேயே இதைக் கவனித்து எழுதினார். தண்டுவட நோய் கொண்ட சிலர் பகலில் சமாளித்து நடக்கிறார்கள், கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுகிறார்கள். கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்லும் இன்றைய சோதனைக்கு அவர் பெயர்தான். இப்படிப்பட்ட நோயாளிகள் முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும் நேரத்தில் தடுமாறுவதையும் மருத்துவ நூல்கள் ஓர் அடையாளமாகச் சொல்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் கண்முன் வந்தது. வுளூவில் நாம் குனிந்து, கண்ணை மூடி முகம் கழுவுகிறோம். பிறகு பலர் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நின்று பாதம் கழுவுகிறார்கள். அதுவும் ஈரத் தரையில், அரைகுறை வெளிச்சத்தில், தூக்கம் கலைந்தும் கலையாமலும். மருத்துவர் அறையில் நடக்கும் சோதனையைவிடக் கடினமான சோதனை இது. நம் பெரியவர்கள் தினமும் ஐந்து முறை இதற்குள் நுழைந்து வெளியே வருகிறார்கள்.

கண்ணால் பார்ப்பதன் குறை

சமநிலையைச் சோதிக்க மருத்துவர்களிடம் நல்ல முறைகள் உண்டு. கனடாவின் கேத்தரின் பெர்க் 1989இல் வெளியிட்ட முறையில் 14 செயல்கள். உட்கார்ந்து எழுவது, திரும்புவது, குனிந்து பொருளை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. 1991இல் வந்த இன்னொரு முறை மிக எளியது. நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரம் பார்ப்பார்கள். முதியவர் ஒருவருக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் வழிகாட்டல்.

தலையில் அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்காக 1999இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான சோதனை ஒன்று உண்டு. ஆறு விதமாக, ஒவ்வொன்றும் 20 வினாடி நிற்க வேண்டும். கை இடுப்பை விட்டு விலகியது, கண் திறந்தது, கால் எடுத்து வைத்தது என்று ஒவ்வொன்றையும் ஒரு பிழையாக ஒருவர் எண்ண வேண்டும். ஒரே ஆளை இருவர் பார்த்து எண்ணினால் எண்ணிக்கை மாறுகிறது என்பதே இந்தச் சோதனையில் அறியப்பட்ட குறை. எங்கள் உம்மாவுக்கு இரண்டு மருத்துவர்கள் சொன்ன இரண்டு பதில்களின் கதையும் இதுதான். அவர்கள் மீது குற்றமில்லை. மனிதக் கண் பெரிய தள்ளாட்டத்தைப் பிடிக்கும், சிறியதைத் தவறவிடும். சென்ற மாதம் பார்த்ததை இந்த மாதம் சரியாக நினைவில் வைத்திருக்கவும் அதனால் முடியாது.

இதற்குத் தீர்வாகக் காலடி அழுத்தத்தை அளக்கும் மேடைகள் இருக்கின்றன. அதன் மீது ஏறி நின்றால், உடலின் பாரம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று கணினி கோடு வரைந்து காட்டும். மிகத் துல்லியமானது. ஆனால் விலை அதிகம், பெரிய மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும்தான் கிடைக்கும். கிராமத்து முதியவருக்கு அது எட்டாத தூரம். அந்த இடைவெளியில்தான் ஸ்மார்ட்போன் வந்து நிற்கிறது.

காதுக்குள் இருப்பதே போனுக்குள்ளும்

போனைச் சாய்த்தால் திரையில் இருக்கும் படமும் சேர்ந்து திரும்புகிறது. அது சாய்ந்தது போனுக்கு எப்படித் தெரிந்தது? அதற்குள் ஆக்சிலரோமீட்டர் எனும் முடுக்கமானி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று நுண்ணிய வில்களில் தொங்குகிறது. போன் சாய்ந்தாலோ நகர்ந்தாலோ அந்தத் துண்டு சற்றே இடம் மாறும். அந்த மாற்றம் மின் அளவாகப் பதிவாகும். இதோடு கைரோஸ்கோப் என்ற இன்னொரு சென்சார், போன் எந்த அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கிறது.

இப்போது நம் உட்காதைப் பாருங்கள். அங்கே ஜெல்லி போன்ற ஒரு படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் நுண்கற்கள் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அந்தக் கற்களின் பாரத்தால் படலம் நகர்கிறது. அடியில் உள்ள நுண்ணிய முடி செல்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இது முடுக்கமானியின் வேலை. பக்கத்தில் மூன்று அரைவட்டக் குழாய்கள், மூன்று வெவ்வேறு திசைகளில். அவற்றுக்குள் இருக்கும் திரவம் தலையின் சுழற்சியை அறிவிக்கிறது. இது கைரோஸ்கோப்பின் வேலை. மனிதன் அண்மையில் கருவியாகச் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை, அல்லாஹ் நம் ஒவ்வொருவரின் காதுக்குள்ளும் முன்பே படைத்து வைத்திருக்கிறான். சுப்ஹானல்லாஹ்.

ஆகவே போனை இடுப்பில் கட்டினால், உடலின் நடுப்பகுதி எப்படி ஆடுகிறது என்பதை அது ஒரு வினாடிக்குப் பலமுறை, பெரும்பாலான போன்களில் நூறு முறை வரை, குறித்துக்கொள்ள முடியும். செயலி அந்த எண்களைக் கூட்டிக் கழித்து, முன்பின் ஆட்டம் எவ்வளவு, பக்கவாட்டு ஆட்டம் எவ்வளவு, கண்ணை மூடியபோது எத்தனை மடங்கு கூடியது என்று சொல்லும். முதியோரிடம் பக்கவாட்டு ஆட்டத்தை மருத்துவர்கள் தனிக் கவனத்தோடு பார்க்கிறார்கள். மனிதக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத விஷயம் அது.

எழுந்து நடந்து திரும்பும் சோதனையிலும் போன் கூடுதலாக ஒன்றைச் செய்கிறது. கடிகாரம் மொத்தம் 16 வினாடி என்று மட்டும் சொல்லும். போன் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கும். எழுவதற்கு எவ்வளவு, நடப்பதற்கு எவ்வளவு, திரும்புவதற்கு எவ்வளவு என்று தனித்தனியே காட்டும். எழும்போது நேரம் போனால் தொடைத் தசை பலவீனமாக இருக்கலாம். திரும்பும்போது நேரம் போனால், பார்க்கின்சன் போன்ற நோய் இருக்கிறதா என்று மருத்துவர் யோசிக்கலாம். மொத்த நேரம் ஒன்றுதான், ஆனால் சிகிச்சை வேறு.

இது கற்பனை அல்ல

ஐபோனில் முடுக்கமானி 2007இல் வந்தது, கைரோஸ்கோப் 2010இல் சேர்ந்தது. 2012இல் ஸ்வே என்ற அமெரிக்கச் செயலிக்கு, சமநிலையை அளக்கும் கருவியாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடி, ஐந்து விதமாகத் தலா 10 வினாடி நிற்கச் சொல்வது அதன் முறை. 2015இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்காகத் தொடங்கிய எம்பவர் என்ற ஆய்வில், பங்கெடுத்தவர்கள் போனைப் பையில் போட்டுக்கொண்டு 20 அடி வைத்து நடந்து, திரும்பி, 30 வினாடி அசையாமல் நின்றார்கள். வீட்டில் இருந்தபடியே அவர்களின் நடையும் நிலையும் பதிவாயின. 2021இல் ஆப்பிள் நிறுவனம், போனைக் கால்சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்து நடந்தாலே நடையின் உறுதி குறைகிறதா என்று எச்சரிக்கும் வசதியை ஐபோனில் சேர்த்தது.

இவ்வளவு முயற்சிக்கும் காரணம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி ஆண்டுதோறும் 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள். இவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நம் நாடு போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்கு விழுபவர்கள் ஆண்டுக்கு 3 கோடியே 73 லட்சம்.

உம்மாவுக்கு என்ன தெரியவந்தது?

கண் திறந்து நின்றபோது உம்மாவின் ஆட்டம் அதிகமில்லை. கண்ணை மூடியதும் கூடியது. இன்னொரு முறை, பிறகு மூன்றாவது முறை. மூன்றிலும் அதேதான். பிசியோதெரபிஸ்ட் அந்த எண்களைச் சீட்டில் எழுதி, "இது கால் நரம்பு விஷயமா இருக்கலாம். சர்க்கரை டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார்.

அந்த மருத்துவர் போனைத் தொடவில்லை. அதிரும் இசைக்கவை ஒன்றை உம்மாவின் கால் பெருவிரலில் வைத்தார். "அதிருதாம்மா?" "இல்லையே." கணுக்காலில் வைத்தார். மங்கலாகத்தான் தெரிந்தது. பல வருடச் சர்க்கரை பாத நரம்புகளை மெல்ல அரித்திருந்தது. தரை காலுக்கு அடியில் எப்படி இருக்கிறது என்று அவருடைய மூளைக்குச் சரியாகச் செய்தி போகவில்லை. கண்களை நம்பித்தான் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவக் கண்ணை மூடியதும் அந்தத் துணையும் போய்விட்டது.

இந்த நோய் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஐசிஎம்ஆருடன் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் எத்தனையோ பேர் பாத உணர்வு குறைவதை அறியாமலே நடமாடுகிறார்கள்.

அன்று இரவு உம்மா என்னிடம் ஒன்றைச் சொன்னார். "ஒரு வருசமாவே இருட்டுல தள்ளத்தான் செஞ்சிச்சு. சொன்னா எல்லாரும் சேர்ந்து என்னைய சேர்ல உக்காந்து தொழச் சொல்லிருவிய. அதான் சொல்லல."

மஸ்அலா சொல்லும் ஆலிமின் வீட்டிலேயே இப்படி. நம் பெரியவர்கள் தள்ளாட்டத்தை ஏன் மறைக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. நின்று தொழுவதும், தனியே பள்ளிக்கு நடப்பதும், ஆற்றங்கரைக்குப் போய்வருவதும் போய்விடும் என்ற பயம். நாம் அன்போடு "உக்காருங்க, நடக்காதிய" என்கிறோம். அவர்கள் காதில் அது "உங்க காலம் முடிஞ்சிட்டு" என்று விழுகிறது.

ஆனால் அளந்து பார்த்ததால் நேர்மாறானது நடந்தது. உட்காரச் சொல்வதற்குப் பதில் பயிற்சி சொன்னார்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்துக்கு முன் மறுபாதம் வைத்து நிற்பது, நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுவது. சர்க்கரைக்கு மாத்திரையை மாற்றினார்கள். தொட்டியடியில் முக்காலி, சுவரில் கைப்பிடிக் கம்பி, இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு ஆகியவற்றை நாங்கள் ஏற்பாடு செய்தோம். மூன்று மாதம் கழித்து அதே போன், அதே பெல்ட், அதே நேரத்தில் மீண்டும் அளந்தார்கள். கண் மூடிய ஆட்டம் முழுவதும் போகவில்லை, ஆனால் குறைந்திருந்தது. அந்த எண்ணை உம்மாவிடம் காட்டினார்கள். பயிற்சியை விடாமல் செய்ய அது போதுமானதாக இருந்தது. இன்று சுவரோரமாக நின்று தொழுகிறார். களைத்த நாளில் தயக்கமில்லாமல் உட்கார்ந்து தொழுகிறார்.

எதில் ஏமாறக் கூடாது?

செயலி நோயைக் கண்டுபிடிக்காது. ஆட்டம் எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. பாத நரம்பு, பி12 குறைபாடு, உட்காதுக் கோளாறு, கண்புரை, தூக்க மாத்திரை, பார்க்கின்சன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் சிலருக்கு எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும். ஸஜ்தாவில் இருந்து எழும்போது கண் இருட்டுகிறது என்பவர்களுக்குப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

செயலி "நன்று" என்று சொல்வதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. படுக்கையில் புரண்டால் உலகமே சுற்றுவது போன்ற தலைச்சுற்றல் சிலருக்கு வரும். உட்காது நுண்கற்கள் இடம் மாறிக் குழாய்க்குள் போவதே காரணம். சுற்றல் இல்லாத நேரத்தில் அளந்தால் போன் எதையும் காட்டாமல் போகலாம். இதற்குத் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி, கற்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் எளிய சிகிச்சை இருக்கிறது. காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

ஒரு போனின் எண்ணை இன்னொரு போனின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். சென்சார் மாறும், செயலியின் கணக்கு மாறும், கட்டிய இடம் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு நம் உம்மாவின் எண்ணை ஒப்பிடுவதிலும் பயனில்லை. சென்ற மாத உம்மாவோடு இந்த மாத உம்மாவை ஒப்பிடுவதே இதன் பயன்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் நோயறியும் நோக்கம் கொண்ட மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற சட்ட வரையறைக்குள் வருகிறது. ஆகவே "நோயைச் சொல்கிறோம்" என்று விளம்பரம் செய்யும் எந்தச் செயலியையும் பதிவிறக்கும் முன், உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நிற்பதை அளக்கும் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்டால், அதை அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். "ஒற்றைக் காலில் 10 வினாடி நிற்க முடியாவிட்டால் சீக்கிரம் மரணம்" என்று பயமுறுத்துகிறார்கள். பிரேசிலில் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. நிற்க முடியாதவர்களிடம் பின்வந்த ஆண்டுகளில் மரணம் அதிகம் இருந்தது என்பது உண்மை. ஆனால் அவர்களிடம் சர்க்கரை போன்ற நோய்களும் அதிகம் இருந்தன. அது உடல்நிலையைக் காட்டும் ஓர் அடையாளமே தவிர, மரணத்தின் தேதி அல்ல. அஜல் அல்லாஹ்வின் கையில். நம் கையில் இருப்பது கவனம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

செயலி இல்லாமலே தொடங்கலாம். சுவரின் மூலையை ஒட்டி நிற்க வையுங்கள். முன்னால் ஒரு கனமான நாற்காலி, பக்கத்தில் பிடிக்கத் தயாராக ஒருவர். கண் திறந்தபடியே நான்கு நிலைகள்: பாதங்களைச் சேர்த்து நிற்பது, ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே வைத்து நிற்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னே மறுபாதம் வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொன்றும் 10 வினாடி. மூன்றாவது நிலையில் 10 வினாடி நிற்க முடியாவிட்டால் விழும் ஆபத்து கூடுதல் என்கிறது சிடிசி வழிகாட்டல். அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கண்ணை மூடும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அது பயிற்சி பெற்றவரின் வேலை. முதியவர் தனியாக இருக்கும்போது எந்தச் சோதனையும் வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு செயலியைப் பரிந்துரைத்தால், ஒரே போன், ஒரே இடத்தில் கட்டுதல், வெறுங்கால், ஒரே நேரம் என்ற ஒழுங்கை விடாதீர்கள். எண்ணை நோட்டில் தேதியோடு எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

திடீரென்று தள்ளாட்டம் வந்து, அதோடு முகம் கோணுதல், கை கால் பலமிழத்தல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது செயலியைத் திறக்கும் நேரமில்லை. உடனே 108ஐ அழையுங்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

முதியோர் மருத்துவத்தில் நம் மாநிலம் பின்தங்கியதல்ல. மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. வீடு தேடி வருபவர் அளவு மேடையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் அவர் பையில் ஒரு போன் இருக்கும்.

நம் பள்ளிவாசல்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் சர்க்கரை பார்க்கிறோம், ரத்த அழுத்தம் பார்க்கிறோம், கண் பார்க்கிறோம். அதோடு ஒரு பிசியோதெரபிஸ்டையும், பெண்களுக்குத் தனியாக ஒரு பெண் பிசியோதெரபிஸ்டையும் அழையுங்கள். 60 வயது கடந்த ஒவ்வொருவரின் நிற்கும் நிலையையும் அளந்து, ஒரு பதிவேட்டில் எழுதி, ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். வுளூச் செய்யும் இடத்தில் உட்கார இருக்கையும், பிடிக்கக் கம்பியும், வழுக்காத தரையும், ஃபஜ்ர் நேரத்தில் நல்ல வெளிச்சமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்று யாராவது என்னிடம் "சேர்ல உக்காந்து தொழலாமா ஹஜ்ரத்" என்று கேட்டால், சட்டத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: "வாப்பா ஏன் தள்ளாடுறாங்கன்னு யார்ட்டயாவது காட்டினியளா?" பெரும்பாலும் பதில் வருவதில்லை. சலுகை அல்லாஹ்வின் அருட்கொடை, அதை ஏற்பதில் வெட்கமில்லை. ஆனால் குணமாகக்கூடிய தள்ளாட்டத்தை "வயசாயிட்டு" என்று சொல்லி நாற்காலியில் உட்கார வைத்துவிடுவது நம் பெற்றோருக்கு நாம் செய்யும் நியாயமா? இன்று வீட்டுக்குப் போனதும், அவர்கள் வுளூச் செய்யும் இடத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.